மாமன் மடியும் மந்திரக் கண்ணாடியும்

ஒரு பொய்யிலிருந்து ஆரம்பிக்கிறேன். சொன்னது நான்தான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அக்கா மகளை வண்டியில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு முத்தியால்பேட்டையிலிருந்து கிளம்பினேன். அவளுக்கு ஆறு வயசு. "எங்க மாமா போறோம்?" என்றாள். "சும்மா ஒரு ரவுண்டு பாப்பா. டாக்டர் உன் பல்லை எட்டிப் பார்ப்பாங்க, அவ்ளோதான். வரும்போது பீச்சுல ஐஸ்கிரீம்" என்றேன்.

எட்டிப் பார்ப்பதோடு முடியாது என்பது எனக்குத் தெரியும். கீழ்க் கடைவாய்ப் பாலில் பெரிய சொத்தை. மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் சுத்தம் செய்யணும் என்று அக்காவிடம் ரெண்டு நாள் முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். அக்காவுக்கு அன்றைக்கு ஆபீஸ். மச்சான் வெளியூர். எனவே தாய்மாமன் தலையில் வந்து விழுந்தது.

வேடிக்கை என்னவென்றால், பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் இதே பொய்யை என்னிடம் சொல்லித்தான் ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, பல் வெளியே வந்தது. ஐஸ்கிரீமும் கிடைத்தது, நியாயமாகச் சொல்லணும் :-) ஆனால் அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் நான் எந்தப் பல் ஆஸ்பத்திரி வாசற்படியையும் மிதிக்கவில்லை. போன வருஷம் தூங்க முடியாமல் வலித்தபோதுதான் போனேன். வேர் சிகிச்சை, மேலே ஒரு தொப்பி, மொத்தம் ஆறாயிரத்துச் சொச்சம். பி.காம். படிக்கிறவன் என்பதால் சொல்கிறேன்: ஒரு சின்னப் பொய்க்கு பன்னிரண்டு வருஷ வட்டி!

அப்படிப்பட்ட நானே அந்தப் பொய்யைக் கூசாமல் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் 'வி.ஆர். கண்ணாடி' இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். குழந்தைக்கு மாட்டிவிட்டால் கடலுக்குள் மீன் பார்த்துக்கொண்டே இருக்குமாம், பல்லில் என்ன நடக்கிறது என்றே தெரியாதாம். அட, இருக்கவே இருக்கு மந்திரக் கண்ணாடி, நாம் எதற்கு உண்மையைச் சொல்லி அழவைக்கணும் என்று நினைத்துவிட்டேன்.

என்ன ஆச்சு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தக் கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் பார்ப்போம். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அதைப் பற்றியேதான் படித்துக்கொண்டிருந்தேன். (தேர்வுக்கு இப்படிப் படித்திருந்தால் அம்மா சந்தோஷப்பட்டிருப்பார்.)

மெய்நிகர் என்று தமிழில் அழகாகச் சொல்கிறோம். கண்ணை முழுக்க மூடும் ஒரு பெட்டி. உள்ளே இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். டி.வி. பார்க்கும்போது டி.வி.யைச் சுற்றி அறையும் தெரியும். டாக்டர் கையில் இருக்கும் ஊசியும் தெரியும். இதில் அறை காணாமல் போய்விடுகிறது. அதுதான் வித்தியாசம்.

வலியைக் குறைக்க இதைப் பயன்படுத்தலாம் என்று முதலில் காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹன்டர் ஹாஃப்மன். 1990களின் பிற்பாதியில், சியாட்டில் நகரின் தீக்காய ஆஸ்பத்திரியில் டேவிட் பேட்டர்சன் என்ற உளவியலாளரோடு சேர்ந்து வேலையைத் தொடங்கினார். தீக்காயத்துக்குக் கட்டுப் பிரித்துச் சுத்தம் செய்வது எவ்வளவு கொடுமையான வலி என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில் நோயாளியை ஒரு பனி உலகத்துக்குள் அனுப்பினார்கள். அங்கே பனிமனிதர்கள் மேலும் பென்குவின்கள் மேலும் பனி உருண்டை எறிய வேண்டும். அதன் பெயர் 'ஸ்னோவேர்ல்ட்'. வலி கணிசமாகக் குறைந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். 2001-ல் அதே குழு பல் சிகிச்சையிலும் இதைச் சோதித்துப் பார்த்தது. இரண்டே பேர், அதுவும் ஐம்பது வயது தாண்டியவர்கள். சும்மா இருப்பது, சினிமா பார்ப்பது, மெய்நிகர் உலகில் இருப்பது என மூன்றையும் ஒப்பிட்டார்கள். மூன்றாவதில்தான் வலி மிகக் குறைவு.

இது ஏன் வேலை செய்கிறது? வலி என்பது பல்லிலிருந்து மூளைக்கு ஒயர் வழியாகப் போகும் கரண்ட் மாதிரி நேரான சமாசாரம் கிடையாது. 1965-ல் மெல்சாக், வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு கோட்பாடு சொன்னார்கள். வலிச் செய்தி தண்டுவடத்தில் ஒரு கதவைத் தாண்டித்தான் மேலே போகிறது, அந்தக் கதவை எவ்வளவு திறப்பது என்பதில் மூளைக்கும் பங்கு உண்டு என்பது அதன் சாரம். பயமும் கவனமும் கதவை அகலத் திறக்கும். கவனம் வேறு எங்காவது போனால் கதவு கொஞ்சம் சாத்திக்கொள்ளும். கிரிக்கெட் ஆடும்போது முட்டி சிராய்த்தது ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதானே எரிய ஆரம்பிக்கும்? அதே கதைதான்.

நம்ம ஊர்ப் பக்கமும் சோதித்திருக்கிறார்கள். 2019-ல் வெளியான மங்களூரு ஆய்வு ஒன்று. 5 முதல் 8 வயது வரையுள்ள 120 குழந்தைகள், எல்லோருக்கும் பல்லின் உள்கூழுக்குச் சிகிச்சை தேவை. பாதிப் பேருக்குக் கண்ணாடி, பாதிப் பேருக்கு வழக்கமான முறை. "வலிக்குதா" என்று கேட்டதோடு நிற்காமல், மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் எச்சிலில் எவ்வளவு இருக்கிறது என்றும் அளந்தார்கள். கண்ணாடி போட்ட குழந்தைகளுக்கு வலியும் பதற்றமும் குறைவு, கார்டிசாலும் குறைவு. குழந்தை நமக்காக "வலிக்கலை" என்று பொய் சொல்லலாம், எச்சில் சொல்லாது. எனவே, 'இதெல்லாம் சும்மா பிலிம் காட்டுறது' என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் இது புது விஷயமா என்று கேட்டால், கருவிதான் புதுசு, தந்திரம் ரொம்பப் பழசு.

நம்ம ஊர் பிரெஞ்சுக்காரர்களின் ஊர் என்பதால் பாரிஸிலிருந்தே ஒரு உதாரணம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரின் போன் நெஃப் பாலத்தின் மேல் தெருப் பல்பிடுங்கிகள் கடை விரித்திருப்பார்கள். 'பெரிய தோமா' என்று பெயர் எடுத்த ஒருவர் அதில் பிரபலம். வேடிக்கையும் வாத்தியமுமாகக் கூட்டம் சேர்த்து, அந்தச் சத்தத்தில் பல் பிடுங்குவது அவர்கள் தொழில் ரகசியம். கத்துவது அடுத்த வாடிக்கையாளர் காதில் விழாது பாருங்கள்! அமெரிக்காவில் பார்க்கர் என்ற பல் வைத்தியர் பித்தளை வாத்தியக் குழுவையே கூட வைத்திருந்தார். 'வலியில்லாத பார்க்கர்' என்று விளம்பரம் செய்து, அதைக் கேள்வி கேட்டபோது 1915-ல் தன் பெயரையே சட்டப்படி 'பெயின்லெஸ்' என்று மாற்றிக்கொண்டார். இப்படியும் ஒரு பிராண்டிங்!

அதே பாரிஸில்தான் 1728-ல் பியேர் ஃபொஷார் பல் மருத்துவத்துக்கு முதல் முழுமையான நூலை எழுதினார். அவர் வாத்தியம் வாசிக்கச் சொல்லவில்லை. நோயாளியைத் தரையில் உட்கார வைக்காதீர்கள், கைவைத்த நாற்காலியில் வசதியாக உட்கார வையுங்கள் என்றார். நாம் சாய்ந்து படுக்கும் நாற்காலிக்கு அவர்தான் ஒரு வகையில் தாத்தா. சத்தத்தால் வலியை மறைப்பது ஒரு வழி, நோயாளியை மனுஷனாக மதிப்பது இன்னொரு வழி. முந்நூறு வருஷமாக இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் வந்துகொண்டிருக்கின்றன.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் வீட்டுக் காதுகுத்தைப் பாருங்கள். இதே அக்கா மகளுக்கு ஒரு வயசில் காது குத்தியபோது என் மடியில்தான் உட்கார வைத்தார்கள். எனக்கே அப்போது பதினாறு வயசு, வேட்டி நிற்காமல் பெல்ட் கட்டியிருந்தேன். வாயில் வாழைப்பழம், கண்ணுக்கு முன்னால் கிலுகிலுப்பை, பக்கத்தில் மேளம், சுற்றிலும் முகங்கள். ஆசாரி காதைத் தொட்ட அடுத்த நொடி முடிந்துவிட்டது. அழுதாள், ஆனால் அழுகை மேளத்தைவிடச் சீக்கிரம் ஓய்ந்தது. யோசித்துப் பார்த்தால் கிலுகிலுப்பையும் மேளமும்தான் அன்றைய வி.ஆர். ஆனால் அது மட்டுமா? மாமன் மடி ஒன்று இருந்ததே! அதன் சூடு, பிடித்துக்கொள்ள ஒரு விரல். அதை எந்தப் பெட்டிக்குள் வைத்து விற்பார்கள்?

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம்.

கண்ணாடி மாட்டினார்கள். அவள் முகத்துக்கு அது கொஞ்சம் பெரிசு. ஆனால் மீன் வந்ததும் வாயைப் பிளந்துவிட்டாள். "மாமா, ஆமை! மாமா, ஆமை!" நானும் டாக்டரம்மாவும் சிரித்துக்கொண்டோம். அடுத்து ஊசி. ஈறில் ஊசி பட்ட நொடி, அலறிக்கொண்டு கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாள். எறிந்துவிட்டு அவள் முதலில் பார்த்தது டாக்டரை அல்ல, ஊசியை அல்ல. என்னைத்தான். "எட்டிப் பார்ப்பாங்கன்னு சொன்ன!" என்றாள்.

பதிமூன்று வருஷம் கழித்து நாற்காலியின் அந்தப் பக்கத்தில் நின்று அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டேன். அன்றைக்குச் சிகிச்சை நடக்கவில்லை. பீச்சுக்குப் போனோம். ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், பேசவில்லை.

இங்கேதான் என் கருத்து. கண்ணாடி தோற்கவில்லை. நான் அதைத் தப்பான வேலைக்கு வைத்தேன். கவனத்தைத் திருப்புவதற்கு உண்டான கருவியை ஏமாற்றுவதற்குப் பயன்படுத்தினேன். இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் ஒன்றில்லை. "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், அந்த நேரத்துக்கு நீ மீன் பாரு" என்பது கவனத்தைத் திருப்புவது. "ஒண்ணுமே இல்லை, மீன் பாரு" என்பது ஏமாற்றுவது. சாதாரணமாகப் பொய் சொல்லி அழைத்துப் போன குழந்தையாவது நடப்பதைக் கண்ணால் பார்க்கும். நான் பொய்யும் சொல்லி, கண்ணையும் கட்டிவிட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். குழந்தையை அரள வைத்துவிட்டு இருட்டுக்குள் அனுப்பினால் ஆமைகூடப் பேயாகத்தான் தெரியும்.

அதோடு, பயம் அந்த நாற்காலியில் பிறப்பதில்லை. நம் வீட்டுச் சமையல்கட்டில் பிறக்கிறது. "சாப்பிடலேன்னா டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" என்று எங்கள் வீட்டு ஆயா ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வார் என்று கணக்கு வைக்க முடியாது. எங்கள் வீட்டில் மட்டுமா? போலீஸ், பூச்சாண்டி, டாக்டர் மூவரும் ஒரே கட்சி என்று நாமே சொல்லி வளர்த்துவிட்டு, பிறகு பயத்தைப் போக்க முப்பதாயிரம் நாற்பதாயிரம் ரூபாய்க்கு மெஷின் தேடுகிறோம்.

இன்னொன்று, "விழப்போற பல்லுதானே" என்கிற அலட்சியம். பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பவை. முன்னாலேயே போனால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். 2002-03-ல் எடுத்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில் நாட்டின் 5 வயதுக் குழந்தைகளில் 51.9 சதவீதம் பேருக்குச் சொத்தைப் பல். அதாவது பாதிக்கு மேல்! இத்தனை பேரில் பெரும்பாலோர் முதன்முதலில் டாக்டரைப் பார்ப்பது எப்போது? வலி தாங்க முடியாதபோது. முதல் அறிமுகமே வலியும் ஊசியுமாக இருந்தால் பயம் வராமல் என்ன செய்யும்? வலியே இல்லாத ஒரு நாளில் குழந்தையை அழைத்துப்போய், நாற்காலியில் ஏற்றி இறக்கி, உண்மையிலேயே எட்டிப் பார்த்துவிட்டு மட்டும் வந்தால், நான் சொன்ன அந்தப் பொய் ஒரு நாளைக்காவது உண்மையாகும்.

பல் டாக்டர்களுக்கு இது தெரியாததல்ல. 'சொல், காட்டு, செய்' என்று ஒரு முறை. 1959-ல் ஆடல்ஸ்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் எழுதியது. உலகம் முழுக்கக் குழந்தைப் பல் மருத்துவத்தில் இன்றைக்கும் இதுதான் அரிச்சுவடி. என்ன செய்யப்போகிறோம் என்று குழந்தையின் மொழியில் சொல்லணும். கருவியைக் கையில், நகத்தில் காட்டணும். பிறகு, சொன்னதை மட்டும் செய்யணும். செலவு? ஒரு பைசா கிடையாது. ஐந்து நிமிடம், அவ்வளவுதான்.

அந்த ஐந்து நிமிடம்தான் பிரச்சனை. இங்கே கொஞ்சம் எங்கள் பாடம் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கண்ணாடி நாற்பதாயிரம் ரூபாய் என்று சும்மா ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மூன்று வருஷம் உழைக்கும். வருஷத்துக்கு 250 நாள், நாளைக்கு ஐந்து குழந்தைகள் என்றால் மொத்தம் 3,750 குழந்தைகள். தலைக்குப் பதினோரு ரூபாய்கூட ஆகாது. துடைக்கும் மருந்து, முகத்தில் படும் உறை எல்லாம் சேர்த்தாலும் பெரிய தொகை வராது. ஆக, 'இது பணக்காரர்கள் சமாசாரம்' என்ற வாதம் கணக்கில் நிற்காது. ஒத்துழைக்காத குழந்தைகளைச் சில நேரம் முழு மயக்கம் கொடுத்துத்தான் சிகிச்சை செய்ய வேண்டியிருக்கிறது. அதன் செலவையும் ஆபத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதினோரு ரூபாய் ஒன்றுமே இல்லை.

அதனால் என் முதல் கோரிக்கை: இது முதலில் வர வேண்டியது ஏ.சி. போட்ட தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு அல்ல. அங்கே டாக்டருக்கு நேரம் இருக்கிறது, பேசிச் சமாளிப்பார்கள். கோரிமேட்டில் நம் அரசு நடத்தும் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி மாதிரி இடங்களுக்கு வரணும். கிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து வரிசையில் நிற்கிற அம்மாவின் இடுப்பில் இருக்கிற குழந்தைக்குத்தான் ரொம்ப நாள் வலி, ரொம்பப் பெரிய சொத்தை, ரொம்ப அதிகப் பயம். 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் இது. அதன் வழியில் வந்ததுதான் இன்றைய ஜிப்மர். மருத்துவத்தில் புதுசாக ஒன்றைச் செய்து பார்க்க நமக்குத் தகுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது கோரிக்கை முதலாவதைவிட முக்கியம். மெஷின் வாங்கினால் அது சொத்துக் கணக்கில் ஏறும். ரிப்பன் வெட்டலாம், போட்டோ போடலாம், வருஷா வருஷம் தேய்மானம் எழுதலாம். டாக்டர் ஒரு குழந்தையோடு பேசும் ஐந்து நிமிடம் எந்த லெட்ஜரிலும் ஏறாது. கணக்கில் ஏறாதது மெல்ல மெல்ல ஆஸ்பத்திரியிலும் காணாமல் போகும். 'அதான் கண்ணாடி இருக்கே, மாட்டி உட்கார வை, அடுத்த ஆளைக் கூப்பிடு' என்று ஆகிவிடக்கூடாது. ஐந்து நிமிடத்துக்குத் துணையாகக் கண்ணாடி வந்தால் நல்லது. ஐந்து நிமிடத்துக்குப் பதிலாக வந்தால், அது போன் நெஃப் பாலத்து மேளம்தான்.

கண்ணாடிக்கே சில எல்லைகள் உண்டு, அதையும் சொல்லிவிடணும். மரத்துப்போகும் ஊசிக்கு இது மாற்று கிடையாது. வலி இருக்கும், அதன் மேல் இருக்கும் கவனம்தான் குறையும். சில குழந்தைகளுக்குத் தலை சுற்றும், குமட்டும். வலிப்பு வந்த குழந்தைக்குக் கூடவே கூடாது, அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளணும். கருவி செய்யும் நிறுவனங்களே வயது வரம்பு வைத்திருக்கின்றன. மெட்டா நிறுவனம் முன்பு 13 வயதுக்குக் கீழ் வேண்டாம் என்று சொல்லியிருந்தது, 2023-ல் பெற்றோர் மேற்பார்வையோடு 10 வயது என்று இறக்கியது. பல் ஆஸ்பத்திரியில் அதிகம் அழுவதோ நாலு முதல் எட்டு வயது வரை. ஆகவே எந்தக் கருவி, எத்தனை நிமிடம், எந்தக் குழந்தைக்கு என்பதை டாக்டர் பார்த்து முடிவு செய்யணும். கடையில் வாங்கி வந்து வீட்டில் மாட்டிவிடுகிற பொருள் இல்லை இது. வேண்டாம் என்று குழந்தை சொன்னால், வேண்டாம்தான்.

இனி, இரண்டாவது முறை என்ன நடந்தது என்று சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

ஒரு வாரம் கழித்துப் போனோம். கிளம்பும்போதே சொல்லிவிட்டேன்: "பாப்பா, போன வாரம் மாமா பொய் சொல்லிட்டேன். தப்பு. இன்னைக்கு ஊசி இருக்கு. எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும், அப்புறம் வாய் மரத்துப் போயிடும்." கொஞ்ச நேரம் யோசித்தாள். "கட்டெறும்பா, சின்ன எறும்பா?" என்றாள். "கட்டெறும்பு" என்றேன். உண்மை என்று ஆரம்பித்தாகிவிட்டது, பாதியில் நிறுத்த முடியாதே :-(

டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "முதல்ல மாமா உட்காரட்டும்" என்றார். உட்கார்ந்தேன். கண்ணாடியை எனக்கு மாட்டினார்கள். அப்போதுதான் புரிந்தது. ஆமை நீந்துகிறது, எல்லாம் அழகுதான். ஆனால் அறையில் யாரோ நடக்கும் சத்தம் கேட்கிறது, யார் என்று தெரியவில்லை. ஒரு தட்டில் இரும்பு சத்தம், என்ன என்று தெரியவில்லை. திடீரென்று ஒரு விரல் என் உதட்டைத் தொட்டபோது இருபத்தொரு வயசு ஆம்பிளை நான் துள்ளிவிட்டேன். அக்கா மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். போன வாரம் அவளுக்கு என்ன நடந்தது என்பதை அவள் சிரிப்பில்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு அவள் முறை. காற்றடிக்கும் குழாயை அவள் நகத்தில் அடித்துக் காட்டினார். "நான் தொடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன். நீ கையைத் தூக்கினா நிறுத்திடுவேன்" என்றார். பாப்பா முதல் இரண்டு நிமிடத்தில் மூன்று முறை கை தூக்கினாள். மூன்று முறையும் நிறுத்தினார். அதில் இரண்டு சும்மா சோதித்துப் பார்க்கத் தூக்கியது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதற்குப் பிறகு தூக்கவே இல்லை. அவளுடைய இன்னொரு கை முழு நேரமும் என் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அழவே இல்லை என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். ஆனால் அழுதாள். ஊசி நேரத்தில் கொஞ்சம், கண்ணாடிக்கு அடியிலிருந்து கன்னத்தில் வழிந்தது. ஆனால் கண்ணாடியைக் கழற்றவில்லை. அன்றைய வேலை முடிந்தது. இன்னும் ஒரு முறை போகணும்.

திரும்பும்போது கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்தினேன். வாய் மரத்திருந்ததால் ஐஸ்கிரீம் இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். காந்தி சிலைப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். "அடுத்த வாரமும் ஊசி இருக்கா மாமா?" என்றாள்.

"இருக்கு."

"கட்டெறும்பா?"

"கட்டெறும்புதான்."

"சரி" என்றாள். அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், நல்ல டாக்டரும் நேர்மையான மாமனும் கிடைத்த பிறகு கண்ணாடி ஒரு அருமையான பொருள். அதற்கு முன்னால் அது வெறும் கண்கட்டு வித்தை. உங்கள் வீட்டுக் குட்டிகளை நீங்கள் என்ன சொல்லி அழைத்துப் போகிறீர்கள்? சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். நானும் இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

பி.கு.: எங்கள் வீட்டில் 'ஊசி போடச் சொல்லுவேன்' என்ற வசனத்துக்குத் தடை விதித்திருக்கிறேன். ஆயா இப்போது பூச்சாண்டியை மட்டும் வைத்துக் காலம் தள்ளுகிறார்.